கணினித் திரையில் ஒரு வெள்ளைச் சட்டை

நகரத்துக் குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவருக்குக் கொக்கு என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டுவார்கள். ஏன் வைத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ஆறடி உயரம், ஒல்லி உடம்பு, நீண்ட கழுத்து, வருஷம் முழுக்க வெள்ளைச் சட்டை. மேசை மேல் குனிந்து ஒரே ஒரு கோட்டை அரைமணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒற்றைக் காலைத் தூக்கி மடக்கிக்கொள்ளாததுதான் பாக்கி.

வெள்ளைச் சட்டைக்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கட்டம் போட்ட சட்டையில் வந்திருந்தார். அப்போதெல்லாம் மைப்பேனாவால் தாளில் வரையும் காலம். மேலதிகாரி அவருடைய முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "தாள்ல கோடு போடச் சொன்னா சட்டையில போட்டு வச்சிருக்கியேப்பா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மறுநாள் கொக்கு வெள்ளைச் சட்டையில் வந்தார். சாயங்காலம் வெள்ளையாகவே வீடு திரும்பினார். அன்றிலிருந்து முப்பத்தோரு வருஷம். மைப்பேனா போய்க் கணினி வந்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் முதல் ஆளாய்ப் போய்க் கற்றுக்கொண்டார். தப்பாகப் போட்ட கோட்டை பிளேடால் சுரண்ட வேண்டியதில்லை, ஒரு விசையைத் தட்டினால் போதும் என்பதில் அவருக்குப் பெரிய சந்தோஷம். சட்டை மட்டும் மாறவில்லை. ஆறு சட்டைகள், ஆறும் ஒரே துணி, ஒரே தையல். எது நேற்றுப் போட்டது என்று அவர் மனைவிக்கே தெரியாது.

ஓய்வு பெற இரண்டரை வருஷம் இருக்கும்போது அவரைத் தலைமை வரைவாளர் ஆக்கினார்கள். அந்தப் பதவியோடு மூலை மேசையும் வந்தது. நீளக் கூடத்தின் கடைசியில், முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல், இடது கைப்பக்கம் ஒரு ஜன்னல். மற்ற எல்லோரும் குழல் விளக்குக்கு அடியில் வெந்துகொண்டிருக்க, காற்றும் வெளிச்சமும் அந்த ஒரு மேசைக்குத்தான். முன்பு அங்கே இருந்தவர் தாள்களில் கையெழுத்துப் போடுவதோடு சரி. கணினியின் ஓரங்களில் தொலைபேசி எண் எழுதிய துண்டுக் காகிதங்களை ஒட்டி வைப்பார். அதற்குமேல் அதற்கு வேலை கொடுத்ததில்லை. கொக்கு அப்படி இல்லை. பதவி உயர்ந்தாலும் பாதிப் படங்களைத் தானே வரைவேன் என்றார். அதற்காகப் பெரிய, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் புது மானிட்டர் ஒன்றை வாங்கி வைத்தார்கள்.

முதல் நாள் காலை அவர் போய் உட்கார்ந்தபோது கூடமே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த மேசையில் இருக்கும் இளநிலை வரைவாளர், பேச ஆரம்பித்தால் மூச்சு விடாததால் மைனா என்று பெயர் வாங்கியவள், "சார், அந்த இடம் பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் வந்துடறேன்" என்றாள்.

"ரெண்டரை வருஷம் பொறு தாயே" என்றார் கொக்கு.

பத்தரை மணி வரை எல்லாம் சரியாக இருந்தது. பத்தரைக்கு வெயில் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியே வந்து, நேரே கணினித் திரையில் உட்கார்ந்தது. அவர் வரைவது கறுப்புப் பின்னணியில் மயிரிழை மாதிரிக் கோடுகள். பெரிய குழாய்க்கு வெளிர்நீலம், கிளைக்குழாய்க்குப் பச்சை, பழைய காலத்துக் குழாய்களுக்குச் சாம்பல். இப்போது அந்தக் கறுப்பின் நடுவே ஒரு வெள்ளைச் சதுரம் கண்ணைப் பறித்தது. கொக்கு தலையை வலப்பக்கம் சாய்த்தார். சதுரமும் கூடவே வந்தது. இடப்பக்கம் சாய்த்தார். அங்கேயும் வந்தது. மத்தியானத்துக்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த இடம். முதல் நாளே போய்க் கண் கூசுகிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அலுவலகத்துக்குச் சாமான் வாங்கித்தரும் பொருள் பிரிவுக்குத் திரைச்சீலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். ஜன்னலின் அளவைக் காட்டும் வரைபடம் இணைக்கப்படவில்லை என்று கடிதம் திரும்பி வந்தது. முப்பத்தோரு வருஷம் நகரத்தையே வரைந்தவருக்கு இப்படி ஒரு பதில். ஜன்னலை வரைந்து, அளவு குறித்து, மறுபடி அனுப்பினார். அந்தக் கோப்பு எங்கே போய் உட்கார்ந்ததோ, திரைச்சீலை வந்தபாடில்லை.

மனைவியின் தம்பி கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் பேச்சோடு பேச்சாக விஷயத்தை அவிழ்த்தார்.

"இதுக்குப் போயா இவ்வளவு யோசிக்கிறீங்க மாமா? மேல ஒரு படலம் ஒட்டினா போதும். பளபளப்பே அடங்கிடும். நானே கொண்டாந்து தர்றேன்."

கொண்டுவந்து தந்தான். கைப்பேசிக்கு ஒட்டிப் பழகியவன் இவ்வளவு பெரிய திரைக்கு ஒட்டும் வித்தையைச் சொல்லித்தரவில்லை. கொக்கு தானே ஒட்டினார். திரை பூராவும் அம்மை போட்ட மாதிரிக் கொப்புளங்கள். தேய்த்துத் தேய்த்துச் சரிபண்ணிய பிறகு பார்த்தால், கண்ணைப் பறித்த சதுரம் போய், அதே வெளிச்சம் கரைந்து திரை முழுக்கப் பால் ஊற்றியதுபோல ஆகியிருந்தது. திரையின் பின்னணியை வெள்ளையாக மாற்றிவிடலாமே என்றாள் மைனா. மாற்றினார். வெளிர்நீலமும் சாம்பலும் இருந்த இடம் தெரியவில்லை. அந்த அலுவலகத்து நிறங்கள் எல்லாம் கறுப்புக்கென்றே பிறந்தவை. பழையபடி கறுப்புக்கே வந்தார்.

கடைசியில் கைகொடுத்தது அலமாரிக்கு மேல் சுருட்டிக் கிடந்த காலாவதியான வரைபடங்கள்தான். நாலைந்தை எடுத்துத் துணி கிளிப் போட்டுப் பின் ஜன்னலில் தொங்கவிட்டார். வெயில் நின்றது. திரை இருண்டது. அப்பாடா என்று உட்கார்ந்தார்.

ஆனால் மங்கல் முழுசாகப் போகவில்லை. திரையின் நடுவில், கீழ்ப்பாதியில், மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி ஒரு வெள்ளை மூட்டம் தங்கிவிட்டது. காலையில் அதிகம், நாலு மணிக்கு மேல் குறைவு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையைத் துடைத்தார். கண்ணையே கழுவிக்கொண்டு வந்தார். மூட்டம் அங்கேயே இருந்தது.

அப்போதுதான் அவருக்கு ஒரு பயம் வந்தது. போன வருஷம்தான் அவருடைய அண்ணனுக்குக் கண்புரை என்று அறுவை சிகிச்சை நடந்தது. அண்ணனும் இப்படித்தான் சொன்னார், எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு மேகம் மாதிரி என்று. வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது மேகம் எதுவும் இல்லையே என்று மனசு சொல்லும். அது பெரிய படம், கோடு சின்னது என்று அதே மனசு பதிலும் சொல்லும். கண் போன வரைவாளர் என்று மூன்று வார்த்தைகள் அவருக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன.

மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். அவளிடம் சொன்னால் அடுத்த கணமே கண் டாக்டரிடம் இழுத்துப்போவாள். அதனாலேயே சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் அரைநாள் விடுப்புப் போட்டுத் தனியாகப் போனார். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கருவிகளில் தாடையை வைக்கச் சொல்லி, விளக்கடித்து எல்லாம் பார்த்தார்.

"உங்க வயசுக்கு அருமையான கண்ணு சார். புரை எதுவும் இல்லை."

"அப்போ அந்த மூட்டம்?"

"ஆபீஸ்ல மட்டும்தானே தெரியுது? அப்போ ஆபீஸத்தான் பரிசோதிக்கணும்" என்று டாக்டர் சிரித்தார்.

கொக்கு சிரிக்கவில்லை. ஆரம்பத்தில் இருப்பதால் டாக்டருக்குப் பிடிபடவில்லை என்று முடிவு செய்துகொண்டார். பயந்த மனசுக்கு நல்ல சேதியில்கூடச் சந்தேகம்தான்.

இன்னும் மூன்று வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை குழாய் மேஸ்திரி தொலைபேசியில் கூப்பிட்டார். தெருவைத் தோண்டிக் குழாய் பதிக்கும் ஆட்களுக்குத் தலைவர். இருபது வருஷமாகக் கொக்கின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோண்டுகிறவர்.

"சார், ஒரு சந்தேகம். நீங்க அனுப்பின படத்துல இந்த முக்குல ஒண்ணுமே இல்லை. இங்க கடப்பாரைக்கு டங்குன்னு ஒரு சத்தம். மண்ணைத் தள்ளிப் பார்த்தா பழைய இரும்புக் குழாய்."

"உடைஞ்சிடுச்சா?"

"இல்ல சார், தப்பிச்சோம். ஆனா உங்க படத்துல இப்படி ஆனதே இல்லையே, அதான் கேட்டேன்."

கொக்கு ரிசீவரை வைத்துவிட்டு அந்தப் படத்தைத் திரையில் திறந்தார். அந்த முக்கு, அந்தத் தெரு. மூட்டத்துக்கு நடுவே எதுவும் இல்லை. எதைப் பார்த்து வரைந்தாரோ அந்தப் பழைய மூலப்படத்தையும் திறந்து அதே இடத்தைப் பார்த்தார். அங்கேயும் எதுவும் இல்லை.

"மைனா, இங்க கொஞ்சம் வா. இதுல சாம்பல் கோடு ஏதாவது தெரியுதா பாரு" என்று எழுந்து இடம் கொடுத்தார்.

மைனா அன்று கருநீல மேல்சட்டை போட்டிருந்தாள். உட்கார்ந்தவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதோ இருக்கே சார். மூலப்படத்துல சாம்பல் கோடு நல்லா தெரியுது. உங்க படத்துலதான் விட்டுப்போயிருக்கு."

"எங்க?"

அவர் அவளுடைய தோளுக்கு மேலாகக் குனிந்தார்.

"சார், நகருங்க, நகருங்க. நீங்க குனிஞ்சதும் வெள்ளையா வந்து மறைக்குது."

கொக்கு நிமிர்ந்தார். திரை தெளிந்தது. சாம்பல் கோடு பூச்சிக்கால் மாதிரி மெலிசாகத் தெரிந்தது. மறுபடி குனிந்தார். மூட்டம் வந்தது. இடது பக்கம் ஓர் அடி நகர்ந்தார். மூட்டமும் ஓர் அடி நகர்ந்தது. மைனா திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இடது ஜன்னல் வெளிச்சம் முழுசாக அவர் நெஞ்சில் விழுந்து, சட்டை விளக்குப் போட்ட மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"சார்... உங்க சட்டை."

கொக்கு மேசையிலிருந்த கறுப்பு அட்டை ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். திரையில் மூட்டம் இல்லை. ஃபைலை இறக்கினார். வந்தது. அணைத்தார். போனது. ஐம்பத்தேழு வயசு மனிதர் மூலை மேசையருகே ஒரு ஃபைலைக் கட்டிப்பிடிப்பதும் விடுவதுமாக நிற்பதைப் பார்த்துக் கூடத்தில் இரண்டு மூன்று தலைகள் எழும்பின.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர், மைனாவிடம் இல்லை, தனக்குத்தானே. இரண்டு மாசமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனதுபோல் இருந்தது.

அந்த நிம்மதி பத்து நிமிஷம் நிலைத்தது. பிறகு அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். இந்த மேசைக்கு வந்த பிறகு தன் கையால் வரைந்து அனுப்பியவை முப்பத்து நாலு படங்கள். அந்த முக்கில் மட்டும்தான் கோடு விட்டுப்போயிருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

சாயங்காலம் துணிக்கடைக்குள் நுழைந்தபோது யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். விற்பனைப் பெண் வெள்ளைச் சட்டைகள் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். அவரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். "கறுப்பு மாதிரி ஏதாவது... பளபளப்பு இல்லாம" என்று தணிந்த குரலில் சொல்லி, கரும்பச்சையில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் பையை மறைக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோதே மனைவி கதவருகே வந்துவிட்டாள்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. சட்டை."

வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "இருபத்தெட்டு வருஷத்துல நான் எத்தனை கலர்ல எடுத்துக் குடுத்திருப்பேன். ஒண்ணையாவது தொட்டிருப்பீங்களா? இன்னைக்கு யார் சொல்லி இந்தப் பச்சை?"

"ஒரு மைனா சொல்லுச்சு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் கொக்கு ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மூலை மேசை, வெயில், அவள் தம்பி தந்த படலம், மூட்டம், கண் டாக்டர், ஃபைல் எல்லாம். சட்டை தெரிந்த கதையில் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"கண் டாக்டர்கிட்ட போனது எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்குச் சாயங்காலம் கண்மணி ரெண்டும் அவ்வளவு பெருசா விரிஞ்சிருந்துச்சு. விளக்கைப் போட்டா கண்ணை மூடிக்கிட்டீங்க. நான் மருந்துக்கடையில வேலை பார்க்கறவ. எந்தச் சொட்டு மருந்து விட்டா கண்ணு அப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதா? சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு மூணு வாரமா காத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ பயந்துடுவேன்னு..."

"தனியா பயந்தா மட்டும் பயம் குறைஞ்சிடுமா? உங்களுக்குப் பார்வை போயிடப் போகுதுன்னு இந்த மூணு வாரம் நானும் தூங்கலை. நீங்க ஒரு பக்கம் புரண்டீங்க, நான் ஒரு பக்கம்."

அவர் அவளுக்கு அருகில் உட்கார்ந்தார். பிறகு அவள் அந்தச் சட்டையை எடுத்து அவர் தோளில் வைத்துப் பார்த்து, "தோள் அளவு சரியா இருக்கு" என்றாள். கோபம் முழுசாகத் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. தீர இரண்டு நாள் ஆனது.

மறுநாள் காலை வாசல் காவலாளி அவரை நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்ததும் தடாலென்று எழுந்து சலாம் வைத்தார். மாடி ஏறுவதற்குள் கொக்கு காக்கையாகிவிட்டது என்ற சேதி அவருக்கு முன்னால் மேலே போயிருந்தது. எவ்வளவு கேலி பண்ணினாலும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்ததும் மைனாவைக் கூப்பிட்டார்.

"முப்பத்து நாலு படம். ஒண்ணு விடாம மூலப்படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும். நான் பார்த்ததை நீ பாரு. நான் சொல்றதை நம்பாதே."

மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். மேஸ்திரி கண்டுபிடித்தது போக இன்னும் மூன்று கோடுகள் விட்டுப்போயிருந்தன. இரண்டு, எப்போதோ மூடிவிட்ட குழாய்கள். உடைந்தாலும் ஒன்றும் ஆகாது. மூன்றாவது இன்னும் தண்ணீர் ஓடுகிற பழைய கிளைக்குழாய். ஒரு பள்ளிக்கூடத்துக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் வீடுகளுக்கும் அதில்தான் தண்ணீர் போகிறது. அந்தத் தெருவைத் தோண்டுவது வருகிற திங்கள்கிழமை.

"சார், இன்னும் தோண்டவே இல்லையே" என்றாள் மைனா மெதுவாக. "திருத்தின படத்தை இன்னைக்கே மேஸ்திரிக்கு அனுப்பிட்டா போதும். புதுசா ஒரு திருத்தம்னு போட்டா யாருக்கும்..."

"யாருக்கும் தெரியாது" என்று முடித்தார் கொக்கு. அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம். கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து நாலு படங்களையும் அச்செடுத்தார். விட்டுப்போன இடங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். எடுத்துக்கொண்டு, பிரிவுக்குப் பொறுப்பான எஞ்சினியர் அறைக்குப் போனார்.

எஞ்சினியர் அவரைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொக்கு நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். சட்டை விஷயத்தையும் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் காது சூடானது.

"உட்காருங்க சார்" என்றார் எஞ்சினியர். "தப்புப் பண்ணினவரும் நீங்க, கண்டுபிடிச்சவரும் நீங்க. இதை நான் எந்த ஃபைல்ல வைக்கறது?"

"தப்புன்னு ஒரு ஃபைல் இருக்குமில்ல, அதுல வைங்க."

எஞ்சினியர் தொலைபேசியை எடுத்து, திருத்திய படம் வரும்வரை அந்தத் தெருவைத் தொடக்கூடாது என்று மேஸ்திரிக்குச் சொன்னார். பிறகு திருத்தத் தாளில் என்ன காரணம் எழுதலாம் என்று கேட்டார். வரைந்தவரின் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார் கொக்கு. கணினித் திரையில் வெளிச்சம் பட்டதால் என்று எழுதினார் எஞ்சினியர். இருவரும் இதற்காகக் கொஞ்சம் வாதாடினார்கள். கடைசியில் இரண்டையும் எழுதி, கீழே கொக்கு கையெழுத்துப் போட்டார். அவர் வேலைக் காலத்தில் அப்படி ஒரு தாளில் அவர் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு மேஸ்திரியின் அழைப்பு வந்தது. பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"நீங்க கோடு போட்ட இடத்துலயே இருக்கு சார். ஒரு ஜாண்கூடத் தள்ளலை. மேல கையால மண்ணைத் தள்ளி எடுக்கறோம்."

"மெதுவா எடுங்க. பள்ளிக்கூடம் நடக்குது."

"நடக்குது சார். பசங்க எல்லாம் வேலியில தொத்திக்கிட்டு எங்களைத்தான் வேடிக்கை பார்க்கறாங்க."

அந்த வாரத்திலேயே கூடத்தில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. தன் திரையிலும் மத்தியானம் ஒன்றும் தெரிவதில்லை என்று ஒருவர் சொன்னார். குழல் விளக்கு நேரே திரையில் விழுவதால் தலைவலி என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் இத்தனை நாள் தங்கள் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கொக்கு ஒரு நாள் முழுக்க, மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு நாற்காலியிலும் போய் உட்கார்ந்து பார்த்தார். எந்த மணிக்கு எந்தத் திரையில் எங்கிருந்து வெளிச்சம் விழுகிறது என்று கூடத்தின் வரைபடம் ஒன்றைத் தயார் செய்தார். அதற்கு முறையாக எண் கொடுத்து, அளவு குறித்து, எஞ்சினியரிடம் காட்டினார்.

சனிக்கிழமை மேசைகளைத் திருப்பிப் போட்டார்கள். ஜன்னல் யாருக்கும் முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் பக்கவாட்டில் வரும்படி. கொக்கின் மூலை மேசையும் திரும்பியது; பின் ஜன்னலில் தொங்கிய பழைய வரைபடங்கள், இப்போது அவர் முதுகுப் பக்கம் வந்த மற்ற ஜன்னலுக்கு மாறின. இனி அவர் கூடத்தைப் பார்த்து உட்கார மாட்டார், சுவரைப் பார்த்துத்தான். தலைமை வரைவாளர் சுவரைப் பார்த்து உட்காருவதா என்று இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். அவர் மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் தூக்குங்கப்பா, கால் மேல போட்டுடப் போறீங்க" என்றார்.